சிக்னல் இல்லாத ராத்திரி 108 வண்டி எங்கே நின்றது?

மக்களே, கொஞ்சம் நீளமான திரெட். நைட் ட்யூட்டி முடிஞ்சு தூக்கம் வராம உட்கார்ந்து எழுதுறது. இதுல மருத்துவத்தை விட வரலாறுதான் அதிகம். பொறுமையா படிங்க.

ஒரு மழைக்காலம். ராத்திரி ரெண்டு மணி இருக்கும். ஐம்பது வயசைத் தாண்டின ஒருத்தரை லோடு ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) சட்டை முழுக்க வியர்வை. கை நெஞ்சை விட்டு நகரவே இல்லை. ஈசிஜி எடுத்ததுமே தெரிந்துவிட்டது. ஹார்ட் அட்டாக்.

"வலி எப்ப ஆரம்பிச்சது தம்பி?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு சார். 108-க்கு அடிச்சுக்கிட்டே இருந்தேன். போகவே இல்ல. மொட்டை மாடியில ஏறிப் பார்த்தேன். ரோட்டு முக்கு வரைக்கும் ஓடிப் பார்த்தேன். டவரே இல்ல சார்."

அன்னைக்கு சாயங்காலத்திலிருந்தே கரண்ட் இல்லை. ராத்திரி சிக்னலும் போய்விட்டது.

கொடுக்க வேண்டிய மருந்துகளைக் கொடுத்துவிட்டு, ஹைகிரவுண்டுக்கு அனுப்ப 108-ஐக் கூப்பிட வேண்டும். எங்களுக்கும் போன் போகவில்லை. வார்டு ஊழியர் ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு, வண்டி வழக்கமாக நிற்கிற இடத்துக்கே நேரில் போனார். வண்டி அங்கேதான் நின்றது. பைலட்டும் இஎம்டியும் உள்ளேதான் இருந்தார்கள். "என்ன சார், இன்னைக்கு கேஸே வரல" என்றார்களாம். அவர்கள் போனிலும் சிக்னல் இல்லை.

அந்த வண்டி நின்ற இடம், அந்த நோயாளியின் வீட்டிலிருந்து நடந்து போனால் அஞ்சு நிமிஷம்.

அவர் பிழைத்துவிட்டார். ஆனால் அந்த அஞ்சு நிமிஷ தூரம் என் மண்டையை விட்டுப் போகவில்லை. பக்கத்துத் தெருவில் நிற்கிற வண்டி நம் கண்ணுக்குத் தெரியாமல் போனது எப்போது? அதைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தத் திரெட்.

அவசர எண் என்ற ஒன்றே பிறந்தது, போன் போகாத ஒரு ராத்திரியில்தான்.

1935 நவம்பர் 10, லண்டன். விம்போல் தெருவில் ஒரு அறுவை சிகிச்சை நிபுணரின் வீட்டில் தீ. எதிரே இருந்த நார்மன் மக்டொனால்டு என்பவர் உடனே போனை எடுக்கிறார். அப்போதெல்லாம் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் எடுத்தால்தான் தீயணைப்பு நிலையத்துக்கு லைன் கிடைக்கும். ஆபரேட்டர் எடுக்கவில்லை. யாரோ பேச்சுவார்த்தைக்குப் போடுகிற அழைப்பும், எரிகிற வீட்டுக்கு எதிரிலிருந்து வருகிற அழைப்பும் ஒரே வரிசையில்தான் காத்திருக்க வேண்டும். அந்தத் தீயில் ஐந்து பெண்கள் இறந்தார்கள். மக்டொனால்டு கோபத்தோடு 'தி டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அது பெரிய விவாதமாகி, 1937 ஜூன் 30 அன்று லண்டனில் 999 தொடங்கியது.

ஏன் 999? டயல் போனில் 9-ஆம் ஓட்டையை இருட்டிலும் புகையிலும் விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடலாம். 111 வைத்தால், காற்றில் கம்பிகள் உரசினாலே பொய் அழைப்பு போய்விடும் அபாயம். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்க. அமெரிக்காவின் 911 வர 1968 ஆயிற்று.

இங்கே நம்ம பக்கம் கதை வேறு. பெரும்பாலான வீடுகளில் போனே கிடையாது.

தந்தி வந்தாலே வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும். பிரிப்பதற்கு முன்பே அழுவார்கள். ஏனென்றால் சாவுச் செய்திக்குத்தான் பெரும்பாலும் தந்தி. (தந்திச் சேவையை 2013 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள்.) வெளியூருக்குப் பேச வேண்டும் என்றால் ட்ரங்க் கால் புக் பண்ணிவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் 'அர்ஜென்ட்'. அதற்கும் மேலே 'லைட்னிங் கால்' என்று ஒன்று இருந்தது. சாதாரணக் கட்டணத்தைப் போல எட்டு மடங்கு! உயிர் போகிற அவசரத்துக்கும் ரேட் கார்டு.

ஆனால் ஒரு விஷயம். அன்றைக்கு ஊரில் ஒவ்வொருவருக்கும் தெரியும், எந்த வீட்டில் கார் இருக்கு, எந்த டிரைவர் ராத்திரி எழுப்பினால் வருவார், எந்த மருத்துவச்சி எந்தத் தெரு, கம்பவுண்டர் வீடு எது, போஸ்ட் ஆபீஸ் போனுக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று. உதவிக்கு ஒரு முகவரி இருந்தது. நம்பர்தான் இல்லை.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வழியிலேயே செத்துப்போன தாய்மார்களின் காலம் அது. ஒரு டாக்டராக அதற்காக நான் ஏங்கவே மாட்டேன்.

செய்தி போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்தில் இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது: தனுஷ்கோடி.

1964 டிசம்பர் 22, நள்ளிரவுக்குச் சற்று முன். பாம்பனிலிருந்து 653-ஆம் நம்பர் பாசஞ்சர் தனுஷ்கோடிக்குப் புறப்படுகிறது. 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்பது ரயில்வே சொன்ன கணக்கு. புயல் ஏற்கெனவே கரையை அடித்துக்கொண்டிருந்தது. தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை. டிரைவர் கொஞ்ச நேரம் காத்திருந்து, விசில் கொடுத்துவிட்டு ரயிலை முன்னே எடுத்தார் என்று சொல்வார்கள். (அந்தக் காலத்தில் 'சிக்னல் இல்லை' என்றால் இதுதான் அர்த்தம்.) ராட்சத அலை வந்தது. ரயிலோடு எல்லோரும் போனார்கள்.

அதைவிடக் கொடுமை அடுத்து நடந்தது. தந்திக் கம்பி, போன் கம்பி எல்லாம் அறுந்துவிட்டன. ஒரு ரயில் காணாமல் போன செய்தி ரயில்வே தலைமையகம் வழியாக வெளியே வர இரண்டு நாள் ஆயிற்று. அதுவும் மண்டபத்திலிருந்து கடல்சார் அதிகாரி கொடுத்த தகவலை வைத்து. அந்தப் புயலில் இறந்தவர்கள் 1,800-க்கு மேல் இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு.

இந்த ரயிலை நினைவில் வச்சுக்கோங்க. திரும்ப வருவேன்.

அப்புறம் மஞ்சள் போர்டு எஸ்டிடி பூத் காலம். என் வயசுக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்ம கடையநல்லூர் மாதிரி வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடாவில் இருக்கிற ஊரில், பூத்துக்காரர் கிட்டத்தட்ட ஒரு குடும்ப உறுப்பினர். ராத்திரி கதவைத் தட்டினாலும் திறப்பார்.

அந்தப் பழைய லேண்ட்லைனில் ஒரு அதிசயம் இருந்தது, கவனிச்சிருக்கீங்களா? ஊரே இருட்டில் கிடந்தாலும் போன் வேலை செய்யும். காரணம், அதற்கு வேண்டிய மின்சாரம் உங்கள் வீட்டிலிருந்து போகவில்லை. எக்ஸ்சேஞ்சில் பெரிய பெரிய பேட்டரிகள் இருக்கும், 48 வோல்ட். அங்கிருந்து செம்புக் கம்பி வழியாகவே உங்கள் வீட்டு போனுக்குக் கரண்ட் வரும்.

செல்போன் டவர் அப்படியில்லை. ஒவ்வொரு டவருக்கும் அதனதன் இடத்தில் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு டீசல் ஜெனரேட்டர். டீசல் கொண்டுபோகிற ரோட்டில் வெள்ளம் ஓடினால்? அவ்வளவுதான். அதனால்தான் சாயங்காலம் கரண்ட் போனால், சிக்னல் சரியாக நடுராத்திரியில் போகிறது. நமக்கு அது ரொம்பத் தேவைப்படுகிற நேரத்தில்.

செம்புக் கம்பியும் இப்போது போய்விட்டது. வீட்டுக்கு வருகிறது ஃபைபர். கண்ணாடி இழையில் கரண்ட் வராது. வீட்டில் மோடத்துக்குக் கரண்ட் இல்லையென்றால் அந்த லேண்ட்லைனும் வெறும் பொம்மை.

சரி, 108-க்கு வருவோம்.

2005-இல் ஹைதராபாத்தில் ஆரம்பித்த சேவை. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. இதன் அருமை எங்களைப் போன்ற அரசு டாக்டர்களுக்குத்தான் முழுசாகத் தெரியும். மாட்டு வண்டியிலும் டவுன் பஸ்ஸிலும் வந்த பிரசவ கேஸ்கள், ஆக்ஸிஜனோடும் பயிற்சி பெற்ற ஆளோடும் வர ஆரம்பித்தன. காசு கிடையாது. சாதி, மதம், தெரு எதுவும் கேட்பதில்லை. இன்றைக்கு மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. இதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று யோசிச்சிருக்கீங்களா?

கடையநல்லூரில் இருந்து நீங்கள் 108 அடித்தால் அந்த அழைப்பு பக்கத்துத் தெரு வண்டிக்குப் போகாது. சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கிற கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். 600 கிலோமீட்டருக்கு மேல். அங்கே ஒருவர் விவரம் கேட்டு, உங்களுக்குப் பக்கத்தில் எந்த வண்டி சும்மா இருக்கிறது என்று பார்த்து, அந்த வண்டிக்காரருக்குச் சொல்வார். எதில் சொல்வார்? செல்போனில்.

நல்ல நாளில் இது சில நொடி வேலை, அருமையான ஏற்பாடு. மாநிலம் முழுவதையும் ஒரே கண்ணால் பார்க்கலாம். ஒரு வண்டி வேறு கேஸில் இருந்தால் அடுத்த ஊர் வண்டியை அனுப்பலாம்.

டவர் படுத்துவிட்ட நாளிலோ, இரண்டு முனையும் ஒரே நேரத்தில் அறுந்துபோகிறது. கூப்பிடுகிறவருக்கும் போன் இல்லை, வர வேண்டியவருக்கும் போன் இல்லை. சென்னையில் கட்டுப்பாட்டு அறை முழு வெளிச்சத்தில் முழு ஆட்களோடு உட்கார்ந்திருக்கும். அவர்களுக்கு எதுவுமே தெரியாது. அந்த ராத்திரி நடந்தது இதுதான். யார் மேலும் தப்பில்லை.

"இதெல்லாம் நம்ம நாட்டுல சார், வெளிநாட்டுல அப்படி இல்ல" என்று சொல்பவர்களுக்கு ஒரு கதை.

2022 ஜூலை 8, கனடா. ஸ்கார்பரோவில் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்க, மறந்திருக்க மாட்டார். ரோஜர்ஸ் என்ற பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம் தன் மைய நெட்வொர்க்கில் ஒரு மாற்றம் செய்யும்போது, ஒரு வடிகட்டி அமைப்பைத் தவறுதலாக நீக்கிவிட்டது. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குப் போனும் இன்டர்நெட்டும் போய்விட்டன. புயல் இல்லை, வெள்ளம் இல்லை, நல்ல வெயில். ஒரு நாளுக்கும் மேல் சிலருக்குச் சேவை வரவில்லை. கார்டு போட்டுக் காசு கொடுக்க முடியவில்லை. 911 போகவில்லை. சில மருத்துவமனைகள் ஆன்-கால் டாக்டர்களை ஆஸ்பத்திரிக்கே வந்து உட்காரச் சொல்லிவிட்டன.

சரி செய்ய வேண்டிய இன்ஜினியர்கள்? அவர்கள் கையில் இருந்ததும் அதே கம்பெனி போன்தான்! ஒருவரை ஒருவர் தொடர்புகொள்ளவே திண்டாடினார்கள். நம்ம 108 பைலட் மாதிரியே.

இதில் நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கு.

112 என்ற எண்ணை அடித்தால், உங்கள் கம்பெனி டவர் இல்லாவிட்டாலும் பக்கத்தில் எந்தக் கம்பெனி டவர் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு அழைப்பு போக வேண்டும். செல்போன் தொழில்நுட்பத்தையே அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். போனில் 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று காட்டுமே, அதன் அர்த்தம் இதுதான். 108 அப்படிப்பட்ட எண் இல்லை. அது உங்கள் சிம், உங்கள் கம்பெனி டவரை நம்பி இருக்கிற சாதாரணக் குறுகிய எண். இந்த வித்தியாசம் என்னோடு வேலை செய்கிற பல டாக்டர்களுக்கே தெரியாது.

அப்படியானால் கனடாவில் ஏன் 911 பக்கத்துக் கம்பெனி டவருக்குத் தாவவில்லை? டவர் சாகவில்லை, அதன் மூளைதான் செத்துப்போனது. டவர் ரேடியோ அலையை அனுப்பிக்கொண்டே இருந்தது. போனும் "எனக்குத்தான் டவர் இருக்கே" என்று அதையே கட்டிக்கொண்டு கிடந்தது. முழு டவரும் செத்திருந்தால் தாவியிருக்கும். அரைகுறையாக உயிரோடு இருந்ததுதான் ஆபத்து.

2023 நவம்பர் 8-இல் ஆஸ்திரேலியாவில் ஆப்டஸ் நிறுவனத்துக்கு இதே போல் ஆனது. அங்கே அவசர எண் 000. 2,145 பேரால் அந்த எண்ணைப் பிடிக்க முடியவில்லை என்று அரசு விசாரணையில் வந்தது. பெரிய அபராதம் போட்டார்கள். 2025 செப்டம்பரில் அதே நிறுவனத்தில் மறுபடியும். இந்த முறை சில மரணங்களும் அதோடு சேர்த்துப் பேசப்பட்டன. மற்ற போன்கள் எல்லாம் போய்க்கொண்டிருந்ததால், அவசர அழைப்பு மட்டும் விழவில்லை என்பதே பல மணி நேரம் தெரியவில்லை.

ஆகவே 108 போகவில்லை என்றால் அதையே இருபது தடவை அடிக்காதீங்க. 112 அடிச்சுப் பாருங்க. (2019-இலிருந்து தமிழ்நாட்டிலும் இருக்கு.) சிக்னல் கோடு காட்டுது, ஆனா கால் போகல என்றால், ஃப்ளைட் மோடு போட்டு எடுங்க, இல்லை அந்த சிம்மை அணைச்சுட்டு இன்னொரு சிம்மில் முயற்சி பண்ணுங்க. வீட்டில் எல்லா சிம்மும் ஒரே கம்பெனியாக வைத்திருப்பது ஆஃபருக்கு நல்லது, ஆபத்துக்கு நல்லதல்ல.

இதெல்லாம் ரெண்டு நிமிஷம்தான். அதற்கு மேல் போனோடு போராடாதீங்க. அந்தப் பையன் ஒரு மணி நேரம் போராடினான்.

இப்போது நம்ம வீட்டு வாசலுக்கு வருவோம். 2023 டிசம்பர் 17.

நம்ம தென்காசிப் பக்கமும் மழைதான், ஆனால் கிழக்கே நடந்தது வேறு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷத்தில் பெய்ய வேண்டியது ஒரு நாளில். தாமிரபரணி உடைத்துக்கொண்டு ஓடியது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் எல்லாம் தீவாகிவிட்டன. கரண்ட் போனது, பின்னாலேயே டவர்களும் போயின. அந்தப் பக்கம் சொந்தம் இருக்கிற வீடுகளில் ரெண்டு மூணு நாள் போன் போகாமல் பட்ட பாடு உங்களுக்கே தெரியும்.

அன்று ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. உள்ளே சுமார் 800 பேர். முன்னே தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணும் ஜல்லியும் அரித்துக்கொண்டு போயிருந்தன. அந்தத் தகவல் நேரத்துக்கு வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ஜாபர் அலி ரயிலை எடுக்க விடவில்லை.

1964-இல் சிக்னல் இல்லாமல் முன்னே போன ரயில். 2023-இல் செய்தி கிடைத்து நின்ற ரயில். ரெண்டும் டிசம்பர், ரெண்டும் ராத்திரி, ரெண்டும் தென்கோடித் தமிழ்நாடு. நடுவில் 59 வருஷம்.

நின்ற ரயிலில் இருந்தவர்களுக்கு டிசம்பர் 19 வரை மீட்பு முழுமையாக வரவில்லை. செல்போன் பேட்டரியும் சிக்னலும் தீர்ந்துபோன அந்த நேரத்தில் அவர்களைத் தேடி வந்தவர்கள் யார்? பக்கத்துப் புதுக்குடி மக்கள். தங்கள் ஊரே தண்ணீரில் கிடக்கும்போது சமைத்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். யாரும் அவர்களுக்குப் போன் பண்ணவில்லை. ரயில் நிற்பது அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். பிறகு ஹெலிகாப்டர் வந்தது. அதில் ஏற்றப்பட்டவர்களில் ஒரு கர்ப்பிணியும் இருந்தார்.

கர்ப்பிணி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம்ம சுகாதாரத் துறையில் யாரும் பெரிதாகப் பேசாத ஒரு வேலை நடக்கிறது. ஒவ்வொரு கிராம சுகாதார செவிலியரிடமும், நம்ம பாஷையில் நர்சம்மாவிடம், யாருக்கு எந்தத் தேதியில் பிரசவம் என்ற பட்டியல் இருக்கும். புயல் எச்சரிக்கை வந்ததும், அந்த வாரத்தில் தேதி உள்ள பெண்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கென்றே 'பிரசவ காத்திருப்பு அறை' உண்டு. வலி வந்த பிறகு போன் பண்ணி வண்டி வரும் என்ற கணக்கே அங்கே கிடையாது.

நெட்வொர்க் போனாலும் தோற்காத ஏற்பாடு இதுதான் என்று நினைக்கிறேன். அதில் போனே இல்லை. ஒரு நோட்டும், வீடு வீடாக நடக்கிற ஒரு அம்மாவும் மட்டும்தான்.

2004 சுனாமியிலும் இப்படி ஒருவர். அந்தமானில் எல்லாத் தொடர்பும் அறுந்தபோது, அமெச்சூர் ரேடியோ முகாமுக்காகத் தற்செயலாக போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற பெண், தன் ஹாம் ரேடியோவை வைத்துக்கொண்டு ராத்திரி பகலாக, யார் உயிரோடு இருக்கிறார் என்ற செய்திகளைத் தீவுகளுக்கும் கரைக்கும் கடத்திக்கொண்டே இருந்தார். நமக்கு ஹாம் ரேடியோ தெரியாது. ஆனால் நம்ம காவல் நிலையத்தில் வயர்லெஸ் இருக்கு. போலீஸ்காரங்க 'மைக்' என்பார்களே, அது. அது செல்போன் கம்பெனி டவரை நம்பி இல்லை. எந்த ராத்திரியும் காவல் நிலையம் திறந்திருக்கும். உயிர் ஆபத்து என்று போய் நின்றால், பக்கத்து ஊர் வரைக்கும் செய்தி சொல்ல அவர்களால் முடியும். இது எத்தனை பேருக்குத் தோன்றும்?

பள்ளிவாசல் மைக், கோயில் மைக், சர்ச் மணி. இன்வெர்ட்டரில் ஓடும். மவுத் அறிவிப்பு ஊர் முழுக்கக் கேட்கிறதே, சாகாமல் இருப்பதற்கும் அதைப் பயன்படுத்தலாம். ஜமாஅத்துகளும் அமைப்புகளும் வைத்திருக்கிற ஆம்புலன்ஸ்கள் எந்தத் தெருவில் நிற்கின்றன என்பதும் பார்த்து வைக்க வேண்டிய விஷயம்.

இன்னொன்று. நெஞ்சுவலி என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று வண்டிக்காகக் காத்திருக்காதீங்க. 2023 ஜூனில் ஆரம்பித்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஹார்ட் அட்டாக்குக்கு முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கு. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின், மொத்தம் 14 மாத்திரை. எந்த வண்டி கிடைக்குதோ அதில் ஏற்றி, நோயாளியை நடக்க விடாமல், பக்கத்தில் எது இருக்கோ அங்கே கொண்டு வாங்க. லோடு ஆட்டோ கேவலமில்லை. அந்த மனுஷரைக் காப்பாற்றியது லோடு ஆட்டோதான்.

போன வாரம் அவர் செக்கப்புக்கு வந்தார். மகனும் கூட வந்தான். "இப்ப தெரியுமா தம்பி, வண்டி எங்க நிக்கும்னு?" என்று கேட்டேன்.

"தினமும் வேலைக்குப் போறப்ப பார்த்துட்டுத்தான் சார் போறேன். அந்த அண்ணன் பேரே தெரியும்" என்றான்.

உங்க ஊர் 108 எங்க நிக்குது? தெரியாதவங்க நாளைக்கு டீ குடிக்கப் போறப்ப பார்த்துட்டு வந்து சொல்லுங்க.